நாலு நிமிட விதி

எனக்குப் புகை ஒத்துக்கொள்ளாது. வீட்டில் கொசுவத்திச் சுருள் ஏற்றினாலே நாலு தும்மல் போட்டுவிட்டு வாசல் பக்கம் போய் நின்றுகொள்வேன். தீப்பிடித்த இடத்தை எப்படி ஆராய்வது என்று பத்து வருடமாகப் பாடம் எடுக்கிறவன் இப்படியா என்று சிரிக்கலாம். சிரியுங்கள், தப்பில்லை. நீங்கள் டீ வரவழைத்துக் கொடுத்து, மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்து, "உங்க வார்த்தையிலேயே சொல்லுங்க சார், அவசரமில்ல" என்றீர்கள். விசாரணை அதிகாரி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். நானும் என் மாணவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். எதிரே உட்கார்ந்திருப்பவனை முதலில் சௌகரியமாக உட்கார வை, மீதியை அவனே பார்த்துக்கொள்வான்.

துறையில் எனக்கு 'மூக்கு' என்று பெயர். எரிந்த வீட்டுக்குள் நான் கால் வைத்தால் போதும், என்ன ஊற்றினார்கள், எவ்வளவு ஊற்றினார்கள் என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுவேன் என்று பேச்சு. அந்தப் பேச்சை நான் கிளப்பவில்லை. மறுக்கவும் இல்லை. என் மனைவிக்கு மட்டும் இதில் துளியும் நம்பிக்கை கிடையாது. "பால் பொங்கி அடுப்பெல்லாம் வழியுது, அது தெரியல. எவனோ எங்கேயோ ஊத்தின பெட்ரோல் மட்டும் தெரியுதாக்கும்," என்பாள். வீட்டில் மரியாதையை எதிர்பார்க்கிற வழக்கத்தை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

மூக்குக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது மெத்தைக்காரர் வழக்கு. பதினோரு வருடம் ஆகிறது. கீழே மெத்தைக் கடை, மேலே ஒரே ஒரு அறை. அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி, காய்ச்சலோடு மேலே படுத்திருந்தார். மத்தியானம், மெத்தைக்காரர் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில் கடை பற்றிக்கொண்டது. பஞ்சும் நுரை மெத்தையும் அடைத்து வைத்த இடம், கேட்கவா வேண்டும். மச்சான் படி இறங்கவே இல்லை. நான் போனபோது மெத்தைக்காரர் தெருவில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். குறித்துக்கொண்டேன். அதிகமாக அழுதால் நடிப்பு, அழாமல் இருந்தால் கல்நெஞ்சு. இரண்டுக்குமே என் குறிப்பேட்டில் இடம் இருந்தது.

உள்ளே தரையில் ஓரம் நெளிந்த கறுப்புத் திட்டுகள், குட்டை குட்டையாக. யாரோ மண்ணெண்ணெயை வீசி ஊற்றியதுபோல. எங்கள் தொழிலில் அதற்கு ஊற்றுத்தடம் என்று பெயர். நான் மூக்கை ஒரு முறை உறிஞ்சினேன். அவ்வளவுதான் புலனாய்வு. மெத்தைக்காரர் ஊற்றிக் கொளுத்திவிட்டுத்தான் சாப்பிடப் போனார் என்று எழுதினேன். ஆய்வகத்துக்கு அனுப்பிய மாதிரிகளில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய்கூட இல்லை என்று அறிக்கை வந்தது. நீதிபதி அதைக் கேட்கத்தான் செய்தார்.

"ஒண்ணுமே கிடைக்கலைங்கிறாங்களே?"

"அவ்வளவு சுத்தமா எரிஞ்சிருக்குன்னு அர்த்தம் ஐயா. தரை பொய் சொல்லாது."

கவனித்தீர்களா சார், எவ்வளவு வசதியான சாஸ்திரம். கிடைத்தால் ஊற்றியிருக்கிறார். கிடைக்காவிட்டால் நிறைய ஊற்றியிருக்கிறார். பன்னிரண்டு நிமிடம் சாட்சி சொன்னேன். மெத்தைக்காரருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. தீப் புலனாய்வுப் பயிற்சி மையத்துக்குத் தலைமைப் பயிற்றுநர். வகுப்பறையில் நான் செய்த முதல் வேலை, அந்தக் கடைத் தரையின் புகைப்படத்தைப் பெரிதாக்கி மாட்டியது.

இதுவரைக்கும் நான் எந்தத் தப்பும் செய்யவில்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்ததை நான் நம்பினேன். எல்லாரும் அப்போது அப்படித்தான் நம்பினார்கள்.

பயிற்சி எப்படி நடக்கும் என்று கேட்டீர்கள். மையத்தின் பின்பக்கம் இரண்டு அறைகள் கட்டி வைத்திருக்கிறோம். சோபா, கட்டில், திரைச்சீலை, மேசை என்று சாதாரண வீட்டு அறை மாதிரியே இருக்கும். ஒன்றில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவோம். இன்னொன்றில் எதுவும் ஊற்றாமல், சோபா ஓரத்தில் ஒரு மெழுகுவர்த்தியை மட்டும் சாய்த்துவிடுவோம். அணைத்த பிறகு மாணவர்கள் உள்ளே போய், தீ எங்கே பிறந்தது, எது மண்ணெண்ணெய் அறை, எது வெறும் அறை என்று கண்டுபிடித்து எழுத வேண்டும். தரையில் தடம் இருந்தால் மண்ணெண்ணெய். இல்லாவிட்டால் வெறும் அறை. குழந்தைகூட தேறிவிடும்.

இரண்டாவது வருட வகுப்பில் தண்ணீர் பம்ப் மக்கர் செய்தது. மெழுகுவர்த்தி அறையை உடனே அணைக்க முடியவில்லை. புகை கூரைக்கடியில் சேர்ந்து சேர்ந்து, அந்தச் சூடு கீழே இறங்கி, ஆறாவது நிமிடம் வாக்கில் அறையில் இருந்த அத்தனையும் ஒரே மூச்சில் பற்றிக்கொண்டது. நான் வாசலில் நின்று தும்மிக்கொண்டிருந்தேன். அணைத்த பிறகு மாணவர்களை வெளியே நிறுத்திவிட்டு நான் மட்டும் உள்ளே போய்ப் பார்க்கிறேன், தரையில் ஓரம் நெளிந்த கறுப்புத் திட்டுகள். குட்டை குட்டையாக. ஒரு சொட்டும் ஊற்றாத தரையில்.

உண்மையைச் சொல்கிறேன், பயந்துபோனேன். அறை முழுக்கப் பற்றிவிட்டால் எந்தத் தரையும் அப்படித்தான் ஆகும் என்று எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. மெத்தைக் கடையில் யாரும் எதையும் ஊற்றவில்லை. எங்கேயோ ஒரு ஒயர் உருகியிருக்கும், அவ்வளவுதான். மெத்தைக்காரர் உள்ளே போய் இரண்டு வருடம்கூட முடியவில்லை. நான் ஒரு கடிதம் எழுதினால் வெளியே வந்துவிடுவார்.

ஆனால் கொஞ்சம் என் பக்கமும் யோசியுங்கள். கடிதம் எழுதினால் அவர் ஒருவர் வெளியே வருவார். மூக்கு என்ன ஆவது? மையம் என்ன ஆவது? புதிதாக வந்திருக்கும் இருபத்தைந்து பிள்ளைகளிடம் போய், பாடத்தையே மாற்றிக்கொள்ளலாம் வாருங்கள் என்று சொல்ல முடியுமா? ஒரு நிறுவனம் என்றால் நாலையும் பார்க்க வேண்டும். அந்தத் தரையை அன்றைக்கே பெயர்த்துப் புதுசாகப் பூசச் சொன்னேன். மாணவர் பாதுகாப்பு என்று ஒரு சுற்றறிக்கை போட்டேன். இனி எந்தப் பயிற்சித் தீயும் நாலு நிமிடத்துக்கு மேல் எரியக் கூடாது. நாலாவது நிமிடம் தண்ணீர்.

எல்லாரும் பாராட்டினார்கள். பாதுகாப்பில் எனக்கு இருக்கும் அக்கறையைப் பற்றி மேலிடத்திலிருந்து கடிதமே வந்தது. நாலு நிமிடத்தில் அணைத்தால் மண்ணெண்ணெய் அறையில் மட்டும்தான் தடம் இருக்கும். ஒன்பது வருடம் ஒரு மாணவர்கூடத் தேர்வில் தப்பாக எழுதவில்லை. அவ்வளவு நல்ல தேர்ச்சி விகிதம் வேறு எந்த மையத்திலும் கிடையாது.

மெத்தைக்காரருடைய மகள் வருடத்துக்கு ஒரு முறை வருவாள். முதல் முறை வந்தபோது பள்ளிச் சீருடையில் இருந்தாள். அப்புறம் மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். என் அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு ஒரே கேள்வியைத்தான் கேட்பாள்.

"வேற மாதிரி நடந்திருக்க வாய்ப்பே இல்லையா சார்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அப்பாவுக்கு இப்பல்லாம் மூச்சு ரொம்ப வாங்குது."

"பஞ்சுத் தூசி உள்ள போயிருக்கும் பாப்பா. டாக்டர்கிட்ட காட்டச் சொல்லு. தரை சொன்னதைத்தான் நான் சொன்னேன்."

டீ வாங்கிக் கொடுப்பேன். மருந்துக் கடை வேலைக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்ததே நான்தான். வேண்டுமானால் அவளைக் கேட்டுப் பாருங்கள், ஒரு நாள்கூட நான் முகம் கோணியது இல்லை.

இந்த வருட வகுப்பில் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். 'சந்தேகம்' என்று நானேதான் பெயர் வைத்தேன். மூச்சுக்கு மூச்சு "சார், ஒரு சந்தேகம்" என்று கையைத் தூக்குவாள். முதல் வாரமே ஆரம்பித்துவிட்டாள்.

"சார், ஒரு சந்தேகம். நிஜமான வீடு நாலு நிமிஷத்துலயா அணையுது?"

"இல்ல."

"வண்டி வந்து சேரவே பதினஞ்சு நிமிஷம் ஆகுமே. அப்ப நாம நாலு நிமிஷத் தீயை மட்டும் படிச்சு என்ன சார் பண்றது?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த நிமிடமே அவள் எனக்குப் பிடித்துப்போனாள், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் காலையில் பல் பிடுங்கப் போயிருந்தேன். அந்தப் பொழுதுக்குள் பம்ப் ஓட்டுகிறவரிடம் "அண்ணே, அண்ணே" என்று குழைந்து, வெறும் அறையை ஒன்பது நிமிடம் எரியவிட்டிருக்கிறாள். நான் வீங்கிய கன்னத்தோடு வந்து இறங்கினேன். முகமெல்லாம் கரி, வாயெல்லாம் பல்லாக ஓடி வந்தாள்.

"சார், வெறும் அறையில தடம் வந்திருக்கு! அப்படியே உங்க மெத்தைக் கடை ஃபோட்டோ மாதிரி. அந்த ஆள் உள்ள இருக்காரே சார் இன்னும். அவர் பொண்ணு மறுபடி மனு போட்டிருக்காமே, இதை அவங்க வக்கீல்கிட்ட கொடுக்கலாமா?"

"கொடும்மா," என்றேன். "முதல்ல முறைப்படி மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பு. போய்ச் சாப்பிட்டுட்டு வா. பசியோட வேலை செஞ்சா கை நடுங்கும்."

எல்லாரும் சாப்பிடப் போனார்கள். எனக்குத்தான் பல் வலியாயிற்றே, நான் சாப்பிடவில்லை. பண்டக அறையிலிருந்து அரை டம்ளர் மண்ணெண்ணெய் எடுத்துவந்து, வெறும் அறையின் தடத்தின்மேல் நிதானமாக ஊற்றினேன். டம்ளரைச் சோப்புப் போட்டுக் கழுவி வைத்தேன். சாப்பிட்டு வந்து அவள் மாதிரி எடுத்தாள், புதுக் கையுறை, புது டின், மூடிமேல் முத்திரை. நான் சொல்லிக்கொடுத்தபடியே ஒரு குறையும் இல்லாமல்.

ஆய்வக அறிக்கையில் மண்ணெண்ணெய் என்று வந்தது. கையுறை மாற்றாமல் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போய்ச் சோதனையைக் கெடுத்துவிட்டாள் என்று எழுதி அவளை ஃபெயில் ஆக்கினேன். நீதிமன்றத்துக்கும் ஒரு பக்கக் கடிதம் அனுப்பினேன், அனுபவமில்லாத மாணவியின் கவனக்குறைவு, பொருட்படுத்த வேண்டாம் என்று. மனு தள்ளுபடி ஆனது. அதற்குப் பத்தொன்பதாம் நாள் மெத்தைக்காரர் சிறை மருத்துவமனையில் மூச்சுத் திணறி இறந்துபோனார்.

நான் மாட்டிக்கொண்டது எப்படி என்று உங்களுக்கே தெரியும். ஆனாலும் சொல்கிறேன், சொல்லும்போது எனக்கே பெருமையாக இருக்கிறது. தீயில் வெந்த மண்ணெண்ணெயில் லேசான பாகமெல்லாம் ஆவியாகிப் போய், கனமான பாகம் மட்டும்தான் மிஞ்சும். ஆய்வகத்து வரைபடத்தைப் பார்த்தால் அது பளிச்சென்று தெரியும். அவள் எடுத்த மாதிரியில் இருந்ததோ கடையில் வாங்கியபடியே இருந்த மண்ணெண்ணெய், தீயைக் கண்ணாலேயே பார்க்காதது. அப்படியென்றால் அணைத்த பிறகு யாரோ ஊற்றியிருக்க வேண்டும். இது என் பாடத்திட்டத்தில் பதினேழாவது பாடம். எத்தனை வருடமாக நடத்துகிறேன், அன்றைக்கு எனக்கு ஞாபகம் வரவில்லை. அவளுக்கு வந்திருக்கிறது. ஃபெயில் ஆன பெண் வீட்டில் உட்கார்ந்து அழாமல், ஆய்வகத்தில் எழுதிக் கேட்டு அந்த வரைபடத்தை வாங்கியிருக்கிறாள். அது கைக்கு வரும்போது மெத்தைக்காரரை எடுத்து எட்டு நாள் ஆகிவிட்டது. என்னிடம் கேட்டால் அவளுக்கு நூற்றுக்கு நூறு போடுவேன். நீங்கள்தான் என் கையில் விடைத்தாள் கொடுக்க மாட்டீர்கள்.

என்னிடம் படித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டீர்கள். இருநூற்று முப்பத்தொன்று. அத்தனை பேரும் பணியில் இருக்கிறார்கள். ஊற்றுத்தடத்தை வைத்து அவர்கள் சாட்சி சொன்ன வழக்குகள் எனக்குத் தெரிந்து முப்பத்தெட்டு. பட்டியலை நினைவிலிருந்தே எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஒத்துழைக்கவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது பாருங்கள். அதில் எத்தனை பேர் நிஜமாகவே ஊற்றினார்கள் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். நாலு நிமிடத்துக்கு மேல் எரிந்த தரையை என் மையத்தில் அவர்கள் யாரும் பார்த்ததே கிடையாது.

இந்தக் காகிதத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்கிறேன். எங்கே கிடைத்தது இது? மெத்தைக்காரருடைய தலையணை உறைக்குள்ளா? ஒன்பது வருடமாகவா வைத்திருந்தார்?

விஷயம் இதுதான். பம்ப் மக்கர் செய்ததே, அதற்கு நாலைந்து மாதம் கழித்துச் சிறையிலிருந்து மெத்தைக்காரர் எனக்கு ஒரு கடிதம் எழுதினார். 'ஐயா, நான் வேணும்னு எதுவும் செய்யல. ஆனா இவ்வளவு படிச்ச நீங்க தரையைப் பார்த்துச் சொன்னப்புறம் ராவும் பகலும் யோசிச்சுப் பார்க்கிறேன். நுரை ஒட்டுற பசை டின்னை நான்தான் மூடாம விட்டுட்டுச் சாப்பிடப் போயிருப்பேன், அது கொட்டியிருக்கும். என் மச்சானை நானே கொன்னுட்டேன். வீட்டுக்காரி முகத்துல முழிக்க முடியல. நீங்களாவது என்னை மன்னிக்கணும்' என்று எழுதியிருந்தார். செய்யாத தப்பை அந்த மனுஷன் நம்பவே ஆரம்பித்துவிட்டார். படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கல்நெஞ்சன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

உடனே பதில் போட்டேன். நீங்கள் விரல் வைத்திருக்கிறீர்களே, அந்த வரிதான். 'உங்களை நான் மன்னித்துவிட்டேன்.' ஆமாம் சார், என் கையெழுத்துதான். அந்த மனுஷன் அதற்கப்புறமாவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்றுதான் எழுதினேன்.