ட்ரெலோருக்கு இல்லை

எனக்கு ஊசி என்றால் பயம். இரத்தம் எடுக்க வந்தால் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அடிலெய்டில் இத்தனை வருடமாக ஊசியே என் பிழைப்பு என்பதால் நண்பர்கள் சிரிப்பார்கள். வலி எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். அடுத்தவர் வலியும்.

உடம்பு முழுவதையும் தூங்கவைக்காமல் வேண்டிய நரம்பை மட்டும் மரத்துப்போகச் செய்வது என் துறை. நரம்போரம் மெல்லிய குழாயை விட்டு, சிறிய பம்ப் வழியாக மருந்தைச் சொட்டச் சொட்டக் கொடுத்தால், அறுவைக்குப் பிறகும் நோயாளி நிம்மதியாகத் தூங்குவார். எனக்குப் பேராசிரியர் பதவி கிடைத்தது இதனால்தான்.

எலும்பு மருத்துவர் ட்ரெலோருக்கு மட்டும் இது உறுத்தியது. முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்தால் சில சமயம் உள்ளே வீக்கம் முற்றி, இரத்த ஓட்டம் நின்று, சதை செத்துவிடும். உடனே காலைக் கீறி அழுத்தத்தைத் தளர்த்திவிட்டால் கால் பிழைக்கும். அந்த ஆபத்தை முதலில் சொல்வது வலி; அந்த வலியை என் மருந்து மறைத்துவிடும் என்பது அவர் வாதம்.

ஒரு கூட்டத்தில், என் மாணவர்கள் முன்னாலேயே சொன்னார்: "தாலாட்டுப் பேராசிரியரே, புகை மணியை அணைச்சுட்டு வீடு எரியலைங்கிறீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அந்த ஆளை வெறுத்தேன். ஆபத்தான வலி என்றால் அது மருந்தையும் மீறி வரும், வந்தால் அறுவை மருத்துவரைக் கூப்பிட்டால் போதும் என்று ஆராய்ச்சி செய்து எழுதினேன். அந்த ஆராய்ச்சியில் ஒருவருடைய காலும் கெடவில்லை.

பிறகு வேட் லிண்ட்னர் வந்தார். பர்ரா என்ற ஊர்ப் பக்கம் ஆட்டு மயிர் கத்தரிப்பவர். நாளெல்லாம் நின்றே செய்கிற வேலை. வண்டி கவிழ்ந்து கால் முறிந்திருந்தது. ட்ரெலோர் எலும்புக்குள் கம்பி வைத்தார், நான் குழாய் வைத்தேன். அன்று மாலை நர்ஸ் மார்னி என்னை அழைத்தார்.

"மருந்து ஓடிட்டுதான் இருக்கு, புரொபசர். ஆனாலும் வலி கூடிட்டே போகுதுங்கறார். ட்ரெலோரைக் கூப்பிடட்டுமா?"

முதலில் நான் பார்க்கிறேன் என்றேன். லிண்ட்னர் கூச்சத்தோடு பேசினார்.

"நான் சும்மா முனகுற ஆள் இல்ல, டாக்டர். கெடா முட்டினாக்கூட சிரிப்பேன். இது உள்ளேருந்து பிச்சுக்கிட்டு வருது. கத்தரிப்புக்கு நின்னுடுவேன்ல?"

நிற்பீர்கள் என்றேன். அவருடைய கால் பெருவிரலை லேசாக நிமிர்த்தினேன். துடித்துப்போனார். கெண்டைக்கால் கல்லாக இருந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவனே நான்தான்.

ட்ரெலோரைக் கூப்பிட்டால் வருவார், கீறுவார், கால் பிழைக்கும். என் குழாய் இருந்த காலிலேயே இப்படி ஆனதென்று அடுத்த கூட்டத்தில் எழுந்து நிற்பார். அந்த முகத்தை நினைத்துப் பார்த்தேன். பம்ப்பைக் கூட்டி வைத்தேன். குழாய் வழியாக மேலும் ஒரு ஊசி மருந்து செலுத்தினேன். குழாய் கொஞ்சம் விலகியிருந்தது, சரிசெய்துவிட்டேன், யாரையும் கூப்பிட வேண்டாம் என்று மார்னியிடம் சொன்னேன்.

சற்று நேரத்தில் லிண்ட்னர் முகம் தெளிந்தது. "நீங்க பெரிய ஆளு, டாக்டர்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

காலையில் பாதம் சில்லிட்டுக் கறுத்திருந்தது. ட்ரெலோர் முழங்காலுக்கு மேலே காலை எடுத்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சக மருத்துவரிடம் அப்படி நடந்துகொள்வது மரியாதையில்லை.

தெரிந்தேதான் செய்தேன், உங்கள் விசாரணை அறிக்கையில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் கால் போனது என்னால்தான். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். காலை எடுத்த பிறகு வலிக்கக் கூடாதென்று மறுபடி குழாய் வைத்ததும் நான்தான். லிண்ட்னர் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். எனக்குத்தான் சொன்னார், ட்ரெலோருக்கு இல்லை.