நத்தை தின்று நின்றோம்

ஓடுகிறேன். குளத்துக் கரை. ஆடி மாதம். வெள்ளிக்கிழமை. மில்லின் காலைச் சங்கு இப்போதுதான் ஊதி ஓய்ந்தது. எங்களுக்காக ஊதிய சங்கு இல்லை அது. வைகாசியிலேயே எங்களுக்கு மில் கேட்டை மூடிவிட்டார்கள்.

இடுப்பில் கூடை. கூடை நிறைய நத்தை. ஈரச் சேலை காலைச் சுற்றுகிறது. பின்னால் விசில். முதலில் நீளமாக ஒன்று. பிறகு குட்டை குட்டையாகப் பல. பிறகு பூட்ஸ்.

"ஓடுங்க! மேக்கால ஓடுங்க! கரைமேல வாராங்க!"

கத்துகிறவள் மாரக்காள். என் கணவரின் அக்கா. எங்கள் பக்கத்தில் நங்கை என்போம். அவள் இன்னும் தண்ணீரில் நிற்கிறாள். முழங்காலளவு. மற்றப் பெண்களைக் கரையேற்றிவிட்டுத்தான் அவள் ஏறுவாள். அவள் சுபாவம் அது.

தடியடியின் சத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். முதுகில் விழுந்தால் துவைகல்லில் ஈரத்துணி. கூடையில் விழுந்தால் மூங்கில் முறியும். எலும்பில் விழுந்தால் சத்தம் சின்னது. அடிபட்டவர் வாயிலிருந்து வருவதுதான் பெரிது.

கூடைகள் கவிழ்ந்தன. சிதறிய நத்தைமேல் பூட்ஸ் ஏறியது. நொறுக். நொறுக். 

திரும்பிப் பார்த்தேன். தண்ணீரில் மாரக்காளைக் காணவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். என் பெயர் ராக்கம்மாள். அன்னூர்ப் பக்கம் பிறந்தேன். அடுத்தவர் காட்டில் கூலிக்குப் பாடுபட்ட குடும்பம். கட்டிக்கொடுத்து பீளமேட்டுப் பக்கம் ஒரு மில்லுக்கு வந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் பின்பாதி. கணவர் சின்னான் ஸ்பின்னிங்கில் இருந்தார். நானும் மாரக்காளும் ரீலிங்கில். நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றும் இடம். அங்கே எல்லோரும் பெண்கள்.

அந்த வருஷம் எங்கள் கூலியைக் குறைத்தார்கள். வேலை நேரத்தைக் கூட்டினார்கள். கேட்கப்போன ரீலிங் பெண்ணை ஒரு மேஸ்திரி கையைப் பிடித்து வெளியே தள்ளினான். அவள் விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கைகள் நின்றன. ரீலிங் நின்றது. மதியத்துக்குள் ஸ்பின்னிங்கும் நின்றது. மறுநாள் மில் கேட்டில் பூட்டுத் தொங்கியது.

இதைச் சண்டை என்று நான் சொல்லும்போது சிலர் சிரிக்கிறார்கள். ஒரு பக்கம் போலீசும் தடியும் இருந்தன. இன்னொரு பக்கம் வெறும் வயிறு. நாங்கள் அந்தப் பக்கம். சண்டை என்றுதான் சொல்வேன்.

எங்களுக்குப் பண்டம் கொடுக்கக்கூடாது என்று கடைக்காரர்களிடம் மில்காரர்கள் சொல்லி வைத்திருந்தார்கள். பானையில் இருந்த சோளம் தீர்ந்தது. கம்பு தீர்ந்தது. மில் ஆட்கள் குடியிருந்த லைன் வீடுகளின் கோடியில் சங்கத்துக்காரர்கள் ஒரு கொட்டகை போட்டார்கள். அங்கே கஞ்சி. நாளாக ஆகக் கஞ்சியில் தண்ணீர்தான் கூடியது. குழந்தைகளுக்குக் கால் வீங்கியது. விரலால் அமுக்கினால் குழி விழும். குழி மேலெழ நேரமாகும். அந்தக் குழிகளைப் பார்த்து ஆண்கள் சிலர் சொல்லத் தொடங்கினார்கள். போதும், உள்ளே போய்விடலாம்.

ஆனி மாதம் மேற்கே மலையில் மழை. நொய்யலில் தண்ணீர் வந்தது. குளம் நிறைந்தது. சேற்றுக்குள் கோடை முழுதும் மூடிக்கிடந்த நத்தைகள் மேலே வந்தன. மாரக்காள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். கூடை நிறைய அள்ளி வந்தாள்.

எங்களுக்கு இது புதிதில்லை. மழைக்காலத்தில் எங்கள் சனம் தின்னும் சோறு இதுதான். ஆனால் லைனில் அதுவரை ஆக்கினதில்லை. அங்கே பல சாதிக்காரர்கள் இருந்தார்கள். வாடை வந்தால் பேச்சு வரும். பேச்சுக்குப் பயந்தே வாயைக் கட்டியிருந்தோம்.

"பசி வந்த பொறவு என்ன வெக்கம்?" என்றாள் மாரக்காள். "அடுப்பப் பத்த வையி, கண்ணு."

எப்படி ஆக்கினோம் என்பதையும் சொல்கிறேன். முதலில் ஒரு பகல் நல்ல தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். தண்ணீரை மாற்ற மாற்ற நத்தை சேற்றைக் கக்கும். மூடியை இழுத்துக்கொள்ளாமல் செத்துக் கிடப்பதை எறிந்துவிட வேண்டும். பிறகு உப்பும் மஞ்சளும் போட்டு நன்றாக வேகவிட வேண்டும். அரைவேக்காடு ஆகாது. வெந்ததும் மூடி கழன்று வரும். கருவேல முள்ளால் குத்திச் சுழற்றினால் சதை முழுசாக வெளியே வரும். வாலில் கறுப்பாக இருப்பது குடல். அதைக் கிள்ளி எறியணும். மிச்சத்தை உப்பும் அடுப்புச் சாம்பலும் போட்டுத் தேய்க்கணும். வழவழப்புப் போகும்வரை கழுவணும். மிளகும் மல்லியும் வரமிளகாயும் அரைத்து, சின்ன வெங்காயம் இருந்தால் வதக்கிப் போட்டு, சுருள வற்றவிட்டால் கறி.

அன்றைக்கு வெங்காயம் இல்லை. மல்லி இல்லை. அடுக்குப்பானையின் அடியில் கொஞ்சம் மிளகு கிடந்தது. போதுமானதாக இருந்தது.

வாடை லைன் முழுவதும் போனது. கதவுகள் சாத்தும் சத்தம். ஒன்று. இன்னொன்று. யாரோ ஒருத்தி சன்னல் வழியாகக் கத்தினாள்.

"ஏனுங்க! குடியிருக்கிற எடத்துல இதையெல்லாமா ஆக்குவாங்க?"

மாரக்காள் ஊதாங்குழலை எடுத்து இன்னும் பலமாக ஊதினாள்.

சாத்தாத கதவு ஒன்று இருந்தது. எதிர்வீடு. செல்லம்மாள். கொடுமுடிப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண். மழை பொய்த்துக் காடு கைவிட்டுப் போனதால் புருஷனோடு மில்லுக்கு வந்தவள். மடியில் கைக்குழந்தை. அவளுக்குப் பால் வற்றி நாளாகியிருந்தது. குழந்தை அழும். முதலில் சத்தமாக அழுதது. பிறகு பூனைக்குட்டி போல. அந்த வாரம் அதுவும் குறைந்துவிட்டது.

அவள் எங்கள் வாசலில் வந்து நின்றாள். குழந்தை தோளில். மாரக்காள்தான் பேசினாள்.

"உள்ள வாங்க அம்மணி. சூடா இருக்குதுங்க."

"என்ற அப்பன் ஊட்டுல தெரிஞ்சா வாசப்படி ஏற உடமாட்டாங்க, மாரக்கா."

"இப்ப மட்டும் கூப்புட்டு வெச்சுச் சோறு போடறாங்களாங்க?"

செல்லம்மாள் உட்கார்ந்தாள். தட்டைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை வாயில் போட்டாள். மென்றாள். மெல்ல மெல்லக் கண்ணைத் திறந்தாள். பிறகு தட்டை விட்டுத் தலை நிமிரவில்லை. கடைசியில் கெட்டிக் குழம்பை விரலால் வழித்து நக்கினாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். மாரக்காள் சிரிக்கவில்லை. அடுத்த கரண்டியைப் போட்டாள்.

தினமும் வந்தாள். வாரம் முடிவதற்குள் பால் ஊறியது. ஒரு காலையில் எதிர்வீட்டிலிருந்து அழுகை கேட்டது. பழைய அழுகை. முழுத் தொண்டை அழுகை. லைனில் இருந்த பெண்கள் எல்லோரும் வெளியே வந்து நின்று அதைக் கேட்டார்கள். அன்று மத்தியானம் சாத்தியிருந்த கதவுகளில் பாதி திறந்தன. கிண்ணங்கள் வந்தன.

கொட்டகையில் பொதுப்பானை வைக்கலாம் என்றபோது சண்டை வந்தது. யார் ஆக்குவது? மாரக்காள் கை பட்டதை நாங்கள் தின்பதா என்றார்கள் சிலர். செல்லம்மாள் கூட்டத்தின் நடுவே வந்தாள்.

"இந்தக் கொழந்த குடிக்கிற பாலு அந்தக் கை ஆக்கிப் போட்டது. ஆகாதுன்னா கஞ்சித் தண்ணியக் குடிச்சுட்டுக் கெடங்க. நா மாரக்கா பக்கத்துல குக்கித்தான் திங்கப் போறேன்."

குந்தினாள். தின்றாள். அவள் புருஷனும் வந்து குந்தினார். பந்தி நீண்டது.

குழந்தைகளின் கால் வீக்கம் வடிந்தது. ஆண்கள் மறுபடி கேட்டுக்கு முன்னால் நிமிர்ந்து நின்றார்கள். உள்ளே போய்விடலாம் என்ற பேச்சு நின்றது. அது மில்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. பசி எங்களைக் கொண்டுவந்து காலில் போடும் என்று அவர்கள் காத்திருந்தார்கள்.

வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்து மில்லை ஓட்ட ஆரம்பித்தார்கள். சங்கு மறுபடி ஊதியது. அந்த மேஸ்திரி கேட்டுக்குள் நின்று எங்களைப் பார்த்துக் கத்துவான்.

"நத்தை திங்கிற கூட்டம்! மில்ல நடத்தப் பாக்குதா?"

மாரக்காள் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை மூன்று கல்லைத் தூக்கிக்கொண்டு போனாள். கேட்டுக்கு நேர் எதிரே வைத்தாள். பெரிய சட்டி. விறகு. நாங்கள் பெண்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து முள்ளால் நத்தை எடுத்தோம். ஆடிக் காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடித்தது. மில் கேட்டு எங்களுக்குக் கிழக்கே. வாடை நேராக உள்ளே போனது. யாரோ கொஞ்சம் வெங்காயம் கொண்டுவந்திருந்தார்கள். வதங்கும் சத்தத்தில் எங்களுக்கே நாக்கில் எச்சில் ஊறியது.

"ஆமாங்க! நத்தைதான் திங்கிறோம்!" மாரக்காள் கத்தினாள். "வாங்க! நீங்களும் வந்து திங்கலாம்!"

மேஸ்திரியின் முகத்தை நான் பார்த்தேன். அவன் கேட்டை விட்டு உள்ளே போய்விட்டான். சாப்பாட்டு நேரத்தில் உள்ளே இருந்த வெளியூர் ஆட்கள் சிலர் கம்பிக்கு அருகே வந்தார்கள். அவர்களுக்கும் அரைவயிறுதான். நாங்கள் தட்டை நீட்டினோம். தின்றவர்களில் சிலர் மறுநாள் வேலைக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் குளத்தை மூடினார்கள். முதலாளிக்கு வேண்டிய ஒருவர் குத்தகைக்கு எடுத்துவிட்டாராம். மீன் மட்டுமில்லையாம். நத்தையும் அவருடையதாம். கரையில் தமுக்கு அடித்துச் சொன்னார்கள். இறங்கினால் திருட்டுக் கேசு.

"சேத்துல ஊறுறதுக்குமா பட்டா?" என்றாள் மாரக்காள். வெள்ளிக்கிழமை காலை இறங்கினோம். எல்லோரும். செல்லம்மாளும் குழந்தையைப் புருஷனிடம் கொடுத்துவிட்டு இறங்கினாள்.

மீதியை முதலிலேயே சொன்னேன். விசில். பூட்ஸ். தடி.

மாரக்காளைக் காணவில்லை என்றதும் கூடையைப் போட்டுவிட்டுத் திரும்பி ஓடினேன். என் கணவர் கரை மறுபக்கமிருந்து ஓடிவந்தார். "அடிக்காதீங்க! தண்ணிக்குள்ள ஆளுங்க! ஆளு இருக்குதுங்க!" கத்திக்கொண்டே தண்ணீரில் குதித்தார். குதிக்கும்போது கையில் ஒரு அடி. அந்தக் கையோடுதான் அவளை இழுத்து வந்தார். தலையின் பின்பக்கம் பிளந்திருந்தது. மூச்சு இருந்தது. மாட்டுவண்டியில் ஏற்றினோம். ஆஸ்பத்திரிக்குப் பாதி வழி. என் மடியில் தலை. வண்டிச் சக்கரத்தின் சத்தம். அவள் மூச்சின் சத்தம். பிறகு சக்கரத்தின் சத்தம் மட்டும்.

சனிக்கிழமை எடுத்தோம். மில் வழியாகக் கொண்டுபோகக்கூடாது என்றார்கள் போலீஸ்காரர்கள். மில் வழியாகத்தான் கொண்டுபோனோம். லைன் மொத்தமும் பின்னால் வந்தது. பெண்களும் வந்தார்கள். தடியோடு நின்றவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள்.

சாவு வீட்டில் அடுப்பு எரியாது. சுற்றத்தார்தான் சோறு கொண்டுவர வேண்டும். எங்கள் சுற்றம் அன்னூரில் இருந்தது. சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்திருந்தோம். எதிர்வீட்டில் புகை. செல்லம்மாள் சட்டியைத் துணியால் பிடித்துக்கொண்டு வந்தாள். கரையில் மிதிபடாமல் கிடந்த நத்தைகளைப் பொறுக்கி வந்திருந்தாள். அவளே ஊறப்போட்டு, அவளே முள் குத்தி, அவளே சாம்பல் போட்டுக் கழுவி ஆக்கியிருந்தாள். விரல்களில் முள் கீறல்.

"மாரக்கா பக்குவம் வரலீங்க," என்றாள். "தின்னுபோட்டுத் திங்கக்கெழம கேட்டுக்குப் போலாம்."

அழுதுகொண்டே தின்றோம். கொஞ்சம் மண் கடித்தது. யாரும் மிச்சம் வைக்கவில்லை. திங்கட்கிழமை கேட்டில் எல்லோரும் நின்றோம். மூன்று கல், சட்டி, விறகு. சட்டிக்கு முன்னால் அன்று செல்லம்மாள் உட்கார்ந்தாள்.

ஆவணியில் மில்காரர்கள் இறங்கி வந்தார்கள். குறைத்த கூலியைத் திரும்பக் கொடுத்தார்கள். கூட்டிய நேரத்தைக் குறைத்தார்கள். மில் கேட்டுத் திறந்தது. ஆனால் குளத்தில் இறங்கியவர்களை வேலைக்கு எடுக்கவில்லை. அதற்கும் மற்றவர்கள் நிற்கத் தயாராக இருந்தார்கள். நாங்கள்தான் வேலைக்குப் போகச் சொன்னோம். குழந்தைகள் இருந்தன.

இனி இழந்ததைச் சொல்கிறேன். மறக்கக்கூடாது என்பதற்காக.

மாரக்காள். என் நங்கை. தலையில் பட்ட ஒரே அடி. அடித்தவன் யாரென்று யாரும் கேட்கவில்லை. கேசு இல்லை.

என் கணவரின் வலது கை. எலும்பு கோணலாகக் கூடியது. பிறகு அறுந்த நூலை முடி போட வரவில்லை.

லைனில் எங்கள் வீடு. என் வேலை. என்னோடு குளத்தில் இறங்கிய அத்தனை பெண்களின் வேலையும்.

செல்லம்மாளுக்கு அவள் அப்பன் வீடு. நத்தை தின்ற சேதி கொடுமுடிவரை போனது. பிறகு அவளை ஒரு விசேஷத்துக்கும் கூப்பிடவில்லை. அவளும் போகவில்லை.

இழக்காததும் ஒன்று உண்டு. அந்த மாதங்களில் எங்கள் லைனில் ஒரு குழந்தையும் சாகவில்லை. ஒன்றுகூட.

தடியால் செத்தாள் ஒருத்தி. நத்தை தின்று ஒருவரும் சாகவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.