ஓட்டோ கியருக்கு ஒரு நம்பிக்கையான ஆள்

ஞானேஸ்வரி: ...இவரும் அதையே சொல்லிட்டாருன்னா?

சுந்தரலிங்கம்: எதை?

ஞானேஸ்வரி: முழு கியர் பொக்ஸையும் மாத்தணும்னு.

சுந்தரலிங்கம்: காருக்கு அடியில இன்னும் தலையை விட்டு முடியல அந்த மனுசன். அதுக்குள்ள உனக்குத் தீர்ப்பு வேணும்.

ஞானேஸ்வரி: முதல் ஆள் எண்ணெய் மாத்தினா போதும்னான். ரெண்டாவது ஆள் மூடியைக்கூடத் திறக்கல, செத்துப்போச்சுன்னுட்டான். ஆளுக்கொரு பேச்சு. யாரைத்தாங்க நம்புறது?

சுந்தரலிங்கம்: அதுக்குத்தானே கண்டியில இருந்து மடவளைக்கு உருட்டிக்கிட்டு வந்தோம். எங்க மாநகர சபைக் கந்தோர்ல ஓட்டோ கியர்னு வாயெடுத்தாலே ஜவாஹிர் நானா பேருதான். பொய் வராத வாயாம்.

ஞானேஸ்வரி: உங்க கந்தோர்ல சொல்றதை எல்லாம் நம்பினா நம்ம வீட்டுக் குழாய்ல எப்பவோ தண்ணி வந்திருக்கணும்.

சுந்தரலிங்கம்: மாநகர சபையை இழுக்காட்டி உனக்குப் பொழுது போகாது.

ஞானேஸ்வரி: பகிடி இல்லங்க. வர்ற வழியில பார்த்தீங்கதானே? மிதிக்க மிதிக்க சத்தம்தான் போடுது, ஏற மாட்டேங்குது. பின்னால பஸ்காரன் ஹோர்ன் அடிக்கிறான். ஓரங்கட்டி வழி விட வேண்டியதாப் போச்சு.

சுந்தரலிங்கம்: சரியா வராட்டி... பஸ் இருக்குதானே, ஞானம்.

ஞானேஸ்வரி: இந்த இடது காலை வச்சிக்கிட்டா? பன்வில பஸ் படியில என்னை ரெண்டு பேர் தூக்கி ஏத்தணும். கிளச் மிதிக்க ஏலாதுன்னுதானே ஓட்டோ கியர் எடுத்தோம். யார் தோளையும் புடிக்காம நானே பன்விலப் பக்கம் ஸ்கூலுக்குப் போய் நானே வர்றேன். அது போயிருமோன்னு பயமா இருக்குங்க. வேற ஒன்னுமில்ல.

சுந்தரலிங்கம்: டவுன் ஸ்கூலுக்கு மாத்தல் கேளுன்னு எத்தனை தடவை...

ஞானேஸ்வரி: ஆரம்பிச்சிட்டீங்களா! நான் வந்துட்டா அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு யாரு சொல்லிக் குடுக்கிறது? நீங்களா?

சுந்தரலிங்கம்: ஐயோ சாமி, நான் வாயே திறக்கல.

ஜவாஹிர்: டீச்சர், கொஞ்சம் இங்கால வாங்க. சேர், நீங்களும் வாங்க. இந்த எண்ணெய்க் கம்பியை மோந்து பாருங்க.

ஞானேஸ்வரி: ம்... ஐயையோ. கருகின வாசம்.

ஜவாஹிர்: கருகித்தான் இரிக்கி. எப்ப இருந்து இப்பிடி இழுக்காம நிக்கிது?

சுந்தரலிங்கம்: அந்தப் பெரிய மழைக்குப் பொறகுதான் நானா.

ஜவாஹிர்: அந்த மழையில என்ன நடந்திச்சி?

ஞானேஸ்வரி: ஒன்னும் நடக்கலையே.

சுந்தரலிங்கம்: ஒன்னுமே நடக்கல.

ஜவாஹிர்: மாப்பிள்ளையும் பொண்ணும் ஒரே வாயால சொல்றீங்க. நல்ல ஒற்றுமை. சேர், இறக்கத்துல நியூட்ரல் போட்டு விடுற பழக்கம் இரிக்கா? முந்தி கிளச் வண்டி ஓட்டின எந்தக் கைக்கும் அது தானா வரும்.

சுந்தரலிங்கம்: நான் இந்தக் காரைத் தொடுறதே இல்ல.

ஞானேஸ்வரி: யாரு? கோயிலுக்குப் போறப்போ வத்தேகம இறக்கத்துல போட்டது யாரு?

சுந்தரலிங்கம்: ஒருக்கா... கை பழக்கத்துல...

ஜவாஹிர்: ஒருக்காவுக்கு இப்பிடிக் கருகாது. டீச்சர், நான் ஒரு முறை வச்சிரிக்கேன். நடந்ததைச் சொல்லாத காருக்கு நான் ஸ்பேனர் எடுக்கிறதில்ல. நம்பிக்கையான ஆளைத் தேடி நீங்க இங்க வந்தீங்க. எனக்கும் அப்பிடி ஆள் வேணுமே.

ஞானேஸ்வரி: ...என்னங்க, நீங்க அந்தக் கடையில போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன்.

சுந்தரலிங்கம்: இப்பதானே குடிச்சோம்?

ஞானேஸ்வரி: இன்னொன்னு குடிச்சா என்ன... சரி, போகாதீங்க. நின்னு கேட்டுத் தொலைங்க. அன்னிக்கு மழையில, பன்விலக்கு மேல ஏத்தத்துல, கார் நின்னுபோச்சு.

சுந்தரலிங்கம்: என்னது?

ஞானேஸ்வரி: முக்கி முக்கி நின்னுபோச்சு. சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், உசிரே இல்ல. மேல இருந்து மண்ணு கொட்டுது. தோட்டத்து லொறி ஒன்னு கீழ இறங்குச்சு. அவங்கதான் இங்க நிக்காதீங்க டீச்சர்னு கயிறு கட்டி வத்தேகம வரைக்கும் இழுத்துக்கிட்டு வந்தாங்க.

சுந்தரலிங்கம்: மண்ணு கொட்டுச்சா? உன் மேலயா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே ஞானம்!

ஞானேஸ்வரி: சொல்லியிருந்தா அன்னிக்கே சாவியைப் புடுங்கியிருப்பீங்க.

ஜவாஹிர்: அல்லாஹ்வே... டீச்சர், இழுக்கக்குள்ள இஞ்சின் ஓடிச்சா?

ஞானேஸ்வரி: இல்ல. லொறி ட்ரைவர் நியூட்ரல்ல போடச் சொன்னாரு. போட்டேன்.

ஜவாஹிர்: அவரு லொறியை நினைச்சிச் சொல்லிரிக்காரு. லொறிக்கு அது சரி வரும். இதுக்கு இஞ்சின் சுத்தினாத்தான் உள்ளுக்கு எண்ணெய் ஓடும். இஞ்சின் நின்டு சில்லு மட்டும் உருண்டா, காய்ஞ்சு தேயும். அவ்வளவு தூரம் உருண்டிரிக்கி.

ஞானேஸ்வரி: அப்போ... நானேதான் கொன்னுட்டேனா?

ஜவாஹிர்: அழாதீங்க டீச்சர். மூச்சு இரிக்கி இதுக்கு. இழுத்ததாலதான் கெட்டுச்சின்னா முழுசா மாத்தத் தேவைப்படாது. கழட்டி, தேஞ்சதை மட்டும் மாத்தலாம். பார்த்துத்தான் முடிவு சொல்லுவேன். இப்பவே சத்தியம் பண்ண மாட்டேன்.

ஞானேஸ்வரி: அது போதும் நானா. தேஞ்சதை மட்டும் மாத்தலாம்னு ஒரு வார்த்தை சொன்னீங்களே, அதுவே போதும்.

ஜவாஹிர்: இன்னும் ஒன்டு. ஏத்தத்துல முதல்ல அது ஏன் நின்டிச்சி?

சுந்தரலிங்கம்: அது... பழைய கார்தானே நானா. மழையில ஈரம் பட்டிருக்கும். அதை விடுங்க.

ஜவாஹிர்: விட்டா எப்பிடி சேர்? நான் இதைச் செஞ்சு குடுக்க, திரும்பவும் நிக்கும், திரும்பவும் லொறி வரும்.

ஞானேஸ்வரி: எனக்கும் அதுதான் உள்ளுக்குள்ள அரிக்குது. வத்தேகமையில ஒருத்தர் பார்த்துட்டு, பெட்ரோல் சொட்டுக்கூட இல்லைன்னு சொன்னாரு நானா. போத்தல்ல வாங்கி ஊத்தின உடனே ஸ்டார்ட் ஆச்சு.

ஜவாஹிர்: பெட்ரோல் முள்ளைப் பார்க்கல்லயா?

ஞானேஸ்வரி: வீட்டுல இருந்து கிளம்புறப்பவே பார்த்தேன். அடியில படுத்துக் கிடந்துச்சு. ஆனா முதல் நாள் சாயந்தரம்தான் இவரு கட்டுகஸ்தோட்டை ஷெட்ல பெட்ரோல் அடிச்சு வச்சிருக்கேன்னு சொன்னாரு. அப்போ முள்ளுதான் இறுகிப்போச்சுன்னு நெனச்சேன். முள்ளை நம்பல, இவரை நம்பினேன்.

சுந்தரலிங்கம்: ஞானம்...

ஜவாஹிர்: இப்பதான் அடியில கிடந்து பார்த்தேன். டேங்க்ல ஒழுக்கு ஒன்டும் இல்ல.

ஞானேஸ்வரி: அப்போ எவனோ களவெடுத்திருக்கான். வாசல்ல வந்து கை வச்சிருக்கான் பாருங்களேன்! நாசமாப் போறவன், நான் அந்த மண்ணுக்குள்ள போயிருந்தா... என்னங்க, உங்களுக்கு ஏன் இப்படி வேர்த்து ஊத்துது?

சுந்தரலிங்கம்: ஒன்னுமில்ல. வெயில்.

ஞானேஸ்வரி: மழை தூறுதுங்க!

ஜவாஹிர்: நான் போய் சாமான் எடுத்துட்டு வாறேன். நீங்க பேசிக்கிட்டு இரிங்க.

சுந்தரலிங்கம்: போகாதீங்க நானா. நீங்க பக்கத்துல நின்னாத்தான் எனக்கு இதைச் சொல்ல வாய் வரும்.

ஞானேஸ்வரி: என்னங்க? என்னத்தைச் சொல்ல?

சுந்தரலிங்கம்: பெட்ரோல் அடிச்சது உண்மைதான். அன்னிக்கு நியூஸ்ல பன்விலப் பக்கம் மண் சரியும்னு சொன்னாங்க. போகாதேன்னா நீ கேக்க மாட்டே... அதான் நீ படுத்த பொறகு குழாய் விட்டு உறிஞ்சி எடுத்துட்டேன். காலையில ஸ்டார்ட் ஆகாது, நீ திட்டிக்கிட்டே வீட்டுல இருப்பேன்னு நெனச்சேன். அடியில கொஞ்சம் தங்கிப்போச்சு, ஞானம். அது உன்னை அந்த ஏத்தத்துல கொண்டுபோய் நிறுத்தும்னு நான் நெனைக்கவே இல்ல.