கடைசி சீட்டு வரைக்கும்

எனக்குக் குரல் சின்னது, மேடம். பக்கத்தில் இருப்பவர்களே "என்னது?" என்று திரும்பக் கேட்பார்கள். வேதியியலில் நல்ல மதிப்பெண் வாங்கியும் நேர்முகத் தேர்வுகளில் தோற்றதற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம் அப்பா.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். இப்போது ஞாபக மறதி முற்றிவிட்டது. தனியாக விட்டால் கதவைத் திறந்துகொண்டு கால்போன போக்கில் போய்விடுவார். போன முறை நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போலீஸிலிருந்து போன் வந்தது. அதற்கு முந்தைய முறை பக்கத்து வீட்டிலிருந்து. பாதியில் எழுந்து ஓடுகிறவளை யார் வேலைக்கு எடுப்பார்கள்?

ஆனால் தெளிவாக இருக்கும் நேரங்களில் எனக்குப் பயிற்சி கொடுத்ததும் அவர்தான். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, அதிகாரி மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

"உன் பலம் என்னம்மா?"

"பொறுமைப்பா."

"பலவீனம்?"

"நீங்கதான்."

விழுந்து விழுந்து சிரிப்பார். "சத்தமாச் சொல்லு. கடைசி சீட்டு வரைக்கும் கேக்கணும்."

இந்த முறை மருந்துப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இதை விட்டால் வயது வரம்பைத் தாண்டிவிடுவேன். அதனால் காலையில் அவருடைய தூக்க மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுத்தேன். டாக்டர் எழுதிய மாத்திரைதான். நான் செருப்பு மாட்டும்போது கண்ணைத் திறந்தார்.

"நானும் வரேம்மா. டிக்கெட் போட ஆள் வேணாமா?"

மறுபடியும் கரைத்துக் கொடுத்தேன். வாயைத் துடைத்து, போர்த்திவிட்டுத்தான் கிளம்பினேன்.

நேர்முகத் தேர்வில் நடுவில் உட்கார்ந்திருந்த அதிகாரி கேட்டார். "ஒரு வயசானவருக்குத் தூக்க மருந்து கொடுத்திருக்கீங்கன்னு வெச்சுக்குவோம். அது உடம்புல இருக்கும்போதே மறுபடியும் கொடுத்தா?"

"மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக் குறையும் சார். கவனிக்கலைன்னா நின்னுடும்."

"அப்ப என்ன செய்யணும்?"

"உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். சீக்கிரம் போனா காப்பாத்திடலாம்."

என் குரல் அறை முழுக்கக் கேட்டது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மதியத்துக்கு மேல் இரண்டாவது சுற்று, காத்திருங்கள் என்றார்கள். காத்திருந்தேன். போன் மடியில்தான் இருந்தது. அன்று யாரும் கூப்பிடவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது, நான் போர்த்திவிட்ட போர்வை கலையாமல் இருந்தது.

இப்படி ஆகும் என்று தெரியாமல் கொடுத்துவிட்டேன் என்றே வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். அந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னது நான் ஒருத்திதானாம்.