பலகைக்கு அடியில ஒரு பேரு

— “பில்லு எதுக்கு மக்ளே, எனக்க மேல நம்பிக்கை இல்லியா?”ன்னு நீங்க அண்ணைக்குக் கேட்டிய. ஓர்மை இருக்கா மாமா?

— இல்லாம என்ன பிரீனா? கோயில் முற்றத்துல வச்சுக் கேட்டேன். நீயும் தலையாட்டின. இப்பம் எனக்க கடைக்கு ஆளு வார நேரம் பாத்து எதுக்கு அந்தப் பழைய கதை?

— மே மாசம் பதினெட்டாயிரம் ரூவா ஒங்க கையில தந்தேன். இது டிசம்பரு. தையல் மெஷினு இன்னும் வரல்ல.

— நீ தெரிஞ்செடுத்தது பழுதுன்னு திருப்பி அனுப்பியாச்சுல்லா, பதிலு லோடு களியக்காவிளை செக்போஸ்டுல கெடக்கு. வந்தா மொதல்ல ஒனக்குத்தான்.

— போன மாசமும் களியக்காவிளை. அதுக்கு முந்தின மாசமும் களியக்காவிளை. அந்த லோடு இப்பம் வேரு விட்டிருக்கும் மாமா.

— ஏ தங்கபாய், பாத்தியா? பத்தாங்கிளாசு பாதியில விட்ட பிள்ளைக்க வாயி!

— பாத்துட்டுத்தான் இருக்கேன். ஏட்டி பிரீனா, ஆருட்ட பேசுதன்னு தெரியுமா? எனக்க மனுசன் சபைக் கமிட்டியில ஆளாக்கும். அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குப் புது தையல் மெஷினையே காணிக்கை வச்சாரு. போதகரு எழும்பி நிக்கச் சொன்னப்பம் சபையே கை தட்டிச்சு.

— நானும் தட்டினேன் மாமி. இப்பம் நெனச்சா ஓக்காளம் வருது.

— என்னட்டி சொல்லுத?

— பண்டிகை ஏலத்துல அந்த மெஷின எடுத்தது எனக்க பக்கத்து வீட்டு ராகேல் அக்கா. கிறிஸ்மஸ் பாட்டுக்காரருக்கு நாப்பது உடுப்பு தைக்க ஆர்டரு எடுத்திருக்கேன். எனக்கு மெஷின் இல்லியே. அவிய வீட்டுல போயி, நாளுக்கு அம்பது ரூவா வாடகை குடுத்துத் தைக்கேன்.

— அதுக்கு?

— நேத்து கத்திரி கீழ விழுந்துச்சு. குனிஞ்சு எடுத்தப்பம் மெஷின் பலகைக்க அடியப் பாத்தேன். “பிரீனா, பணம் முழுசும் கிட்டியாச்சு”ன்னு எழுதியிருக்கு. இந்தக் கடையில நான் மெஷின் தெரிஞ்செடுத்த அண்ணைக்கு, வேற ஆருக்கும் மாறிப் போவப்பிடாதுன்னு மாமா மார்க்கர் பேனாவால எழுதினது. எனக்க மெஷினுக்கு நானே வாடகை குடுத்திருக்கேன் மாமி!

— ஊருல எத்தன பிரீனா உண்டு! பலகையில எழுதினா சாட்சியா? போ, கோர்ட்டுக்குப் போ.

— இண்ணைக்குக் காலையிலேயே போனேன் மாமா. நாகர்கோயில்ல நுகர்வோர் கோர்ட்டுக்க பக்கத்துல ஒரு வக்கீலம்மாட்ட கேட்டேன். “பில்லு இருக்கா?”ன்னுதான் மொதல்ல கேட்டாவ. பலகைய போன்ல எடுத்த இந்தப் போட்டோவக் காட்டினேன். இது மட்டும் போராதாம். ஒரு துண்டு பில்லு இருந்தா கேசு ஜெயிக்கது உறுதின்னு சொன்னாவ.

— கேட்டியா தங்கபாய், போராதாம்! மக்ளே, ஒண்ணு சொல்லுதேன். கர்த்தருக்குக் குடுத்தத ஆரும் திருப்பிக் கேக்கப்பிடாது. அந்தக் காணிக்கையில ஒனக்கும் பங்கு உண்டு, ஒனக்கும் ஆசீர்வாதம் வரும்.

— அப்பம் அது எனக்க மெஷினுதான்!

— அது... நான் அப்பிடியா சொன்னேன்? வாய்தவறி வந்தது.

— எனக்க பணம், ஒங்களுக்குக் கைத்தட்டு. அடுத்தவன் எலச் சோத்த வழிச்சு எடுத்துச் சாமிக்குப் படைச்ச மாதிரி இருக்கு மாமா. சீ!

— ஏட்டி, அந்த போன இஞ்ச தா. எனக்க மனுசனுக்க எழுத்து எனக்குத் தெரியாதா?

— பாருங்க மாமி.

— போதும் தங்கபாய், போன அவட்ட குடு. எதுக்கு மேசை டிராயர வலிச்சுத் தெறக்குத? ஏட்டி, பில்லு புக்கு எதுக்கு இப்பம்? மே மாசத் தேதியா போடுத? வேண்டாம், அவளுக்க பேர எழுதாத!

— மாமி... இது எனக்கா?

— கிழிச்சுக் குடுத்திட்டியா! கடை முத்திரையும் குத்திட்டியா! தங்கபாய்... ஏட்டி, கடைய விட்டு எங்க எறங்கிப் போற? ஒரு வார்த்த பேசிட்டுப் போட்டி!