சுக்கருக்கு முந்தைய பெயர்

பூனைக்குப் பால் கொடுக்கக் கூடாது, ஐயா. குழந்தைகளின் படப் புத்தகத்தில் எல்லாம் பூனை பால் குடிக்கும். அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் சொன்னால் நம்பமாட்டார்கள். வளர்ந்த பூனைக்குப் பால் செரிக்காது, வயிற்றைப் புரட்டும். எங்கள் காப்பகத்திலிருந்து பூனை எடுத்துப் போகிறவர்களுக்கு நான் கொடுக்கும் தாளில் முதல் வரியே அதுதான். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

என் பெயர் லுல்வா. இங்கே குவைத்தில், அப்பா விட்டுப்போன வீட்டின் கீழ்த்தளத்தில் பதினோரு வருடமாகக் காப்பகம் நடத்துகிறேன். தெருப்பூனைகளுக்கு வேறு நல்லவர்கள் இருக்கிறார்கள். என்னிடம் வருவதெல்லாம் காசைக் கொட்டி வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஜாதிப் பூனைகள், அதிலும் காட்டு ரத்தம் கலந்த கலப்பினங்கள். குளிர்காலத்தில் வாங்கி மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். ஜூன் பிறந்தால் இஸ்தான்புல், லண்டன் என்று குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். பூனை மொட்டைமாடியில் கிடக்கும். ஐம்பது டிகிரி வெயிலில் பாதம் வெந்துபோனவற்றை இந்தக் கையால் தூக்கி வந்திருக்கிறேன். ஒன்றைக்கூட ஊசி போட்டுக் கொன்றதில்லை. ஊரில் எனக்கு அந்தப் பெயர் இருந்தது, அதில் எனக்குக் கொள்ளைப் பெருமை. இப்போது அதைச் சொல்லவே வாய் கூசுகிறது.

நிம்ர் அப்படி ஒரு மாடியிலிருந்து வந்தவன்தான். சிறுத்தை என்று யாரோ ஆசையாக வைத்த பெயர். சவானா இனம், அவன் பாட்டன் ஆப்பிரிக்கப் புல்வெளியில் பறக்கிற பறவையை எகிறிப் பிடித்தவன். நின்றால் என் முழங்காலைத் தொடுவான். காப்பகத்தை என்னோடு பார்த்துக்கொண்ட தோழி அன்வார், "இது பூனையில்லடி லுல்வா, புலிக்குச் சித்தப்பா மகன்" என்று சிரித்தாள்.

முதலில் எடுத்துப்போன வீட்டில் ஒரு பெரியவரின் மணிக்கட்டைக் கடித்தான். ஒரு மாதத்தில் திரும்பி வந்தான். இரண்டாவது வீட்டில், ஜன்னல் திரைக் கம்பியின் மேல் உட்கார்ந்திருந்தவன் கீழே ஓடிய இரண்டு வயதுப் பையனின் முகத்தில் குதித்தான். நல்லவேளை, கன்னத்தில் கீறலோடு போயிற்று. ஐந்தே நாளில் கூண்டோடு என் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். அன்வார் அவன் கோப்பில் சிவப்பு மையில் எழுதினாள்: குழந்தை இருக்கும் வீட்டுக்குத் தரவே கூடாது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. திரும்பி வந்த பூனை என்று தெரிந்தால் யாரும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார்கள். அதனால் பெயரை மாற்றுவோம். புதுப் படம் எடுத்துப் புதுக் கோப்பு போடுவோம். சோபாவைக் கிழித்தது, மெத்தையை நனைத்தது போன்ற சில்லறைக் குற்றங்களுக்காக வந்த வழக்கம் அது. நிம்ர் கூண்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். வாலை நக்கி நக்கி மயிரெல்லாம் உதிர்ந்து சதை தெரிந்தது. என்னால் பார்க்க முடியவில்லை. ஒருநாள் காலையில் அந்தச் சிவப்பு மைத் தாளை உருவி மேசை இழுப்பறையில் போட்டேன். புதுக் கோப்பில் சுக்கர் என்று எழுதினேன். சர்க்கரை என்று அர்த்தம்.

அன்வார் கண்டுபிடித்துவிட்டாள். "பூனை கண்ண மூடிக்கிட்டா உலகம் இருண்டுடுமாடி? பேர மாத்தினா பல்லும் மாறிடுமா?"

"பின்ன கொன்னுடலாங்கறியா?"

அவள் தன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அந்த மாதத்தோடு வருவதை நிறுத்திக்கொண்டாள். அவளுக்கு என்மேல் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது சௌகரியமாக இருந்தது.

பஷாயர் பயான் பகுதியில் இருப்பவள், பள்ளிக்கூட ஆசிரியை. மகள் ஜூரிக்கு மூன்று வயது. சுக்கரின் படத்தைப் பார்த்துவிட்டுத் தேடி வந்தாள்.

"அக்கா, கொழந்தையோட பழகுமா?"

"பழகும்மா. அதனாலதான சுக்கர்னே பேரு வெச்சோம்" என்றேன். நாக்கு பிறழவில்லை.

பூனை போன வீட்டை இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பார்ப்பது எங்கள் விதி. நான் போனபோது பஷாயர் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். வீட்டு வேலை பார்க்கும் குசுமா கதவைத் திறந்தாள். இலங்கைக்காரி, நாற்பது வயதிருக்கும். ஜூரியை இடுப்பில் வைத்திருந்தாள். தேநீர் கொடுத்த பிறகும் போகாமல் நின்றாள்.

"மேடம், இந்தப் பூனைய நீங்களே திரும்ப எடுத்துட்டுப் போயிடுங்க. பாப்பா நடந்தா சும்மா இருக்கு. ஓடினா மட்டும் வயித்தத் தரையோட ஒட்டிக்கிட்டுப் பாக்குது. எங்க ஊர்ல கோழி பிடிக்க வர்ற மரநாய் இப்படித்தான் பாக்கும்."

"பஷாயர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். உனக்குப் பூனைன்னாலே பயம்னு சிரிக்கறாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

பதினோரு வருடத்தில் ஒரு பூனையை இத்தனை சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு ஏற்கெனவே தெரியும். "அது வெளையாடுது குசுமா. நீ பயந்தா அதுக்கும் தெரிஞ்சிடும்" என்றேன். சமையலறை மூலையில் ஒரு கிண்ணத்தில் பால் இருந்தது. பயந்துகொண்டே அவனைச் சினேகம் பிடிக்கப் பார்த்திருக்கிறாள். பால் வைக்கக் கூடாது என்று கண்டித்துவிட்டு வந்தேன்.

அதற்கு ஒன்பதாம் நாள் ஜூரி கூடத்தில் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடினாள். அவன் அலமாரியின் மேலிருந்து குதித்தான். குசுமா வெறுங்கையால் அவனைப் பிய்த்தெடுத்துக் குளியலறையில் தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறாள். அவள் இரண்டு கையும் முழங்கை வரை கிழிந்திருந்தன. ஜூரியின் இடது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

உங்களுக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்த விசாரணை அதிகாரி என்னைக் கூப்பிட்டு, இந்தப் பூனை இதற்கு முன் யாரையாவது தாக்கியிருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். சுக்கரின் கோப்பைக் காட்டினேன். பிறகு ஏன் இப்படிச் செய்தது என்றார். அப்போதுதான் அந்தப் பால் ஞாபகம் வந்தது. எழுதிக் கொடுத்தும் கேட்காமல் அந்தப் பெண் பால் வைத்தாள், வயிற்று வலியில் பூனைக்கு வெறி வந்திருக்கும் என்றேன். அவர் அரை மனதாகத் தலையாட்டினார். அவள் கைகளைப் பாருங்கள் என்றேன். சும்மா இருந்த கையைப் பூனை அப்படிக் கிழிக்காது, பிடித்து வைத்து வதைத்திருக்கிறாள், அந்தக் கோபம்தான் குழந்தைமேல் பாய்ந்திருக்கிறது என்றேன். அனுபவசாலியின் பேச்சு என்று அவர் எழுதிக்கொண்டார்.

குசுமாவை நாற்பது நாள் அடைத்து வைத்து ஊருக்கு அனுப்பினார்கள். பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினி போட்ட ஒருத்தி நரகத்துக்குப் போனாள் என்று சிறு வயதிலேயே எங்களுக்குச் சொல்லித் தருவார்கள். அந்தப் பயத்தில்தான் இந்தக் காப்பகத்தையே தொடங்கினேன். மனுஷியைக் கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அந்த நாற்பது நாளும் நான் நன்றாகத் தூங்கினேன், ஐயா. அதை நினைக்கும்போதுதான் என்னையே எனக்குப் பிடிக்காமல் போகிறது.

போன வாரம் பஷாயர் காப்பகத்துக்கு இரண்டு மூட்டை பூனைத் தீனி கொண்டுவந்தாள். என்மேல் அவளுக்குக் கோபமே இல்லை. "அந்தப் பாவி செஞ்சதுக்கு நீங்க என்ன அக்கா பண்ணுவீங்க?" என்றாள். கூட வந்த ஜூரி ஒற்றைக் கண்ணால் என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"குசுமா எப்ப வருவா? குசுமா பூனைய அடிக்கல. எம்மேலேர்ந்து எடுத்தா."

"கொழந்தை, என்னமோ ஒளறுது" என்று பஷாயர் அவள் வாயைப் பொத்தினாள்.

அங்கே நிற்க முடியாமல் உள்ளே போய்விட்டேன். இழுப்பறையில் சிவப்பு மைத் தாள் அப்படியே கிடந்தது. எரிக்காமல் ஏன் வைத்திருந்தேனோ தெரியாது. இதோ, இதுதான் அது.

தெரிந்தேதான் கொடுத்தேன். எடுத்துப் போகச் சொல்லிக் கெஞ்சியவளை அலட்சியம் செய்தேன். குழந்தையைக் காப்பாற்றிய காயத்தையே காட்டி அவளைக் குற்றவாளி ஆக்கினேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான் போலிருக்கிறது. என்ன தண்டனை என்றாலும் கொடுங்கள். குசுமாமேல் தப்பில்லை என்று எழுதி அவளுக்கு அனுப்புங்கள். பஷாயருக்கும் நீங்களே சொல்லிவிடுங்கள். அவளிடம் நேரில் சொல்ல எனக்கு முகமில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். எழுதும்போது அவனை நிம்ர் என்றோ சுக்கர் என்றோ எழுதிக்கொள்ளுங்கள். இப்போதைய பெயரைக் கேட்காதீர்கள். வெறிநோய் சோதனை முடிந்து அவனை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வாலில் மயிர்கூட முளைத்துவிட்டது. சனிக்கிழமை மிஷ்ரிஃபிலிருந்து ஒரு குடும்பம் வந்து எடுத்துப்போகிறது. தங்கமான மனிதர்கள். இந்த முறை நன்றாக விசாரித்துவிட்டேன், வீட்டில் குழந்தை கிடையாது. மருமகளுக்கு இப்போதுதான் ஏழாம் மாதம்.