தூரத்திலிருந்து திறக்கும் பூட்டு

நீங்களும் வீட்டுக்குக் கேமரா வைக்கப்போவதாக ரைட்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது, ஐயா. அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். முதலில் வீட்டுக்கு எத்தனை வாசல் என்று எண்ண வேண்டும், பிறகு எவ்வளவு செலவழிக்கலாம் என்று முடிவு செய்ய வேண்டும், கடைசியில்தான் கடைக்குப் போக வேண்டும். நம் ஊரில் எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் பதினோரு வருடமாகக் கொள்முதல் பிரிவில் இருப்பவன். எது தேவை, எது தண்டம் என்று விலைப்பட்டியலைப் பார்த்ததுமே சொல்லிவிடுவேன்.

என் அப்பா நமச்சிவாயம் பிள்ளையார்பாளையத்து வீட்டில் தனியாக இருந்தார். பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. ஒரகடத்தில் என்னோடு வந்து இருக்கச் சொன்னால் வர மாட்டார். தாமலில் இருந்து அம்சாக்கா தினமும் காலை பஸ்ஸில் வந்து, சமைத்துப் போட்டு, கையைப் பிடித்து நடக்க வைத்து, மாலையில் போவார். சம்பளம் மாதம் ஒன்பதாயிரம். ஐந்து மாதச் சம்பளம் நாற்பத்தைந்தாயிரம். அந்தப் பணத்தில் வீடு முழுக்கக் காவல் போட்டுவிடலாம், ஆறாவது மாதத்திலிருந்து எல்லாம் மிச்சம். இதில் தப்பு எதுவும் உங்களுக்குத் தெரிகிறதா?

கடைக்காரர் முதலில் அறுபத்திரண்டாயிரம் சொன்னார். நான் உட்கார்ந்து பட்டியலில் இருந்து ஒவ்வொன்றாக அடித்தேன். கையில் கட்டிக்கொள்ளும் அவசரப் பொத்தானை அடித்தேன். அதன் விலை குறைவு, வருடச் சந்தாதான் கொள்ளை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். கூடத்துக்கு இரண்டு கேமரா, பேசிக் கேட்கும் வசதியோடு. வாசலில் ஒரு கேமரா மணி. யார் அழுத்தினாலும் நான் ஒரகடத்தில் இருந்தே பதில் சொல்லலாம். கதவுக்கு, போனிலிருந்தே திறக்கும் பூட்டு. சாதாரணப் பூட்டைவிட அது நாலாயிரத்து ஐந்நூறு கூடுதல். அவசரத்துக்கு உதவும் என்று அதை மட்டும் அடிக்காமல் விட்டேன்.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அவர் அறுபது வருடம் தறியில் இருந்தவர். "கோர்வைச் சேலைய ஒரே ஆளு நெய்ய முடியாதுப்பா. அந்தப் பக்கம் கரைக்கு நாடா தள்ள இன்னொரு கை வேணும்" என்றார். நான் சிரித்துக்கொண்டேன். வேலையை விட்டு நிறுத்திய அன்று அம்சாக்காதான் தெருவில் நின்று, நாலு பேர் கேட்க, "ஐயா வியுந்தா உன் கேமராவா வந்து தூக்கும், லோகு?" என்று கேட்டுவிட்டுப் போனார். எதிர்வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கு அது சுருக்கென்று தைத்தது. இன்றைக்கும் தைக்கிறது.

அதற்குப் பிறகு மூன்றாவது வாரம், வியாழக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு அப்பா கூடத்தில் விழுந்தார். உடனே என் போனுக்குச் செய்தி வந்தது. கருவியைக் குறை சொல்ல முடியாது. வலது கால் உடலுக்குக் கீழே மடங்கிக் கிடந்தது. "அப்பா, அசையாதீங்க, இதோ வந்துக்கினே இருக்கேன்" என்று பேசினேன். அவர் கேமராவைப் பார்த்துத் தலையாட்டினார். நான் பையைக்கூட எடுத்துவிட்டேன். என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.

அப்போதுதான் வாசல் மணி அடித்தது. அம்சாக்கா, கையில் தூக்குச்சட்டி.

"லோகு, ஐயாவுக்குக் கூழு கொண்டாந்தேன்பா. இன்னா, கதவு தொறக்கல?"

என் கட்டைவிரலுக்குக் கீழே திறக்கும் பொத்தான் இருந்தது. அழுத்தியிருந்தால் அவர் உள்ளே போயிருப்பார், தூக்கியிருப்பார். சாயங்காலத்துக்குள் பிள்ளையார்பாளையம் முழுக்க என்ன பேசியிருக்கும்? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

"அப்பாவ நேத்தே ஒரகடம் கூட்டியாந்துட்டேன்க்கா."

"உள்ள ஏதோ சத்தம் கேக்குதே?"

"டிவி. நிறுத்த மறந்துட்டேன்."

அவர் கொஞ்ச நேரம் கதவில் காதை வைத்து நின்றார். இன்னொரு கேமராவில் அப்பா கதவுப் பக்கம் கையை நீட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு அக்காவின் குரல் கேட்டிருக்கும். பிறகு அம்சாக்கா தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு எனக்கு வேறு வழி இல்லை, யோசித்துப் பாருங்கள். அப்பா என்னோடு இருப்பதாகச் சொல்லியாகிவிட்டது. பகலில் போய்க் கதவைத் திறந்தால் தெரு பார்க்கும். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் தெருவே கூடும். இருட்டிய பிறகு போவதுதான் சரி என்று முடிவு செய்தேன். அக்கா நின்ற பிறகு அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கும் மெஸ்ஸுக்குப் போன் செய்து இன்றைக்கு வேண்டாம் என்று சொன்னேன். அப்பா "லோகு, தண்ணி" என்று கேமராவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்ததால் சத்தத்தை நிறுத்தினேன். படத்தை நிறுத்தவில்லை. மூன்று ஐம்பதுவரை அவர் அசைந்தால் செய்தி வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை.

ஏழு மணிக்குப் போனேன். அன்று மாலைதான் அவரைத் திரும்பக் கொண்டுவந்து விட்டதாகவும், வந்ததும் விழுந்துவிட்டதாகவும் எல்லோரிடமும் சொன்னேன். அம்சாக்கா மட்டும் நம்பவில்லை. அவர்தான் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தார். பதிவுகளை நான் ஏன் அழிக்கவில்லை என்று கேட்டீர்கள். முப்பது நாள் சேமிப்புக்குப் பணம் கட்டியிருந்தேன் ஐயா, இன்னும் பன்னிரண்டு நாள் பாக்கி இருந்தது. அதில் எல்லாம் இருக்கிறது. அப்பா சாக வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. ஆறு மணி நேரம் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், கதவைத் திறக்கவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

அந்தப் பட்டியலில் ஒன்றைத்தான் இப்போது நினைத்தாலும் மனசு ஆறவில்லை. தூரத்திலிருந்து திறக்கும் அந்தப் பூட்டு. நாலாயிரத்து ஐந்நூறு. ஒரு தடவைகூடப் பயன்படவில்லை. நீங்கள் வாங்கும்போது அதை அடித்துவிடுங்கள், ஐயா.